கரிக் குளிசைகள்: உடலின் நச்சை நீக்குமா?

“உடலின் நச்சை நீக்கும்” எனும் விளம்பரத்துடன் விற்கப்படும் கரிக் குளிசைகளும் கரித்தூளும் கொலோன் வாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அறிமுகமானவையே. இக்கூற்றுக்கு அறிவியல் சான்று எந்த அளவில் உள்ளது என்பதையும், நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் எதனைக் கவனிக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

கரியின் தன்மை

தேங்காய்ச் சிரட்டை, மரம் முதலியவற்றைக் கரியாக்கி, மிகுந்த வெப்பத்தில் நீராவியைச் செலுத்தும்போது அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. இதுவே செயற்படுத்தப்பட்ட கரி. சிரட்டைக் கரியிலிருந்து இதனை உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 500 சதுர மீற்றரிலும் அதிகமாகும். குடலில் எதிர்ப்படும் பல பொருட்கள் இப்பரப்பில் ஒட்டிக்கொண்டு மலத்துடன் வெளியேறுகின்றன. கரியோ இரத்தத்தில் கலப்பதில்லை.

மருத்துவத்தில் அதன் இடம்

நஞ்சு உட்கொண்டவருக்கு, பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள், மருத்துவர்கள் கரியை வழங்குவதுண்டு. வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 50 கிராம் தேவைப்படும். மதுசாரம், இரும்பு, லித்தியம், அமிலம், காரம் ஆகியவற்றுக்கு இது பயன்தராது.

இவ்வகைச் சிகிச்சை குறித்த முதன்மையான ஆய்வுகள் சில இலங்கையிலேயே நடைபெற்றன. மஞ்சள் அலரி நஞ்சினால் பாதிக்கப்பட்ட 401 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2003இல் வெளியானது. மீண்டும் மீண்டும் கரி பெற்றவர்களுள் 5 பேரும், பெறாதவர்களுள் 16 பேரும் இறந்தனர். இம்முடிவு நம்பிக்கையளித்தது. ஆயினும், பல்வேறு நஞ்சுகளால் பாதிக்கப்பட்ட 4,600க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி 2008இல் வெளியான பெரிய ஆய்வில், கரி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவமனையில், அறியப்பட்ட நஞ்சுக்கு எதிராகவே பயன் இவ்வளவு ஐயத்துக்குரியதெனின், நலமாயிருப்பவரின் உடலில் பெயர் குறிப்பிடப்படாத “நச்சு” நீங்கும் எனக் கூறுவதற்கு அடிப்படை இல்லை. கழிவுகளை அகற்றும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் ஆற்றுகின்றன.

சட்டம் கூறுவது

ஜேர்மனியில் துணையுணவுகள் சட்டப்படி உணவுப்பொருட்களே. விற்பனைக்கு முன் அவற்றை உரிய கூட்டாட்சி அலுவலகத்தில் அறிவித்தல் போதுமானது. மருந்துகளைப் போல அவற்றின் பயன் பரிசோதிக்கப்படுவதில்லை. கரி தொடர்பாக ஐரோப்பிய ஒன்றியம் 2012ஆம் ஆண்டின் 432ஆம் இலக்க ஒழுங்குவிதியில் அனுமதித்துள்ள உடல்நலக் கூற்று ஒன்றே: உணவின் பின் ஏற்படும் மிகையான வாயுவைக் குறைக்க அது உதவும். அதற்கும் உணவுக்குக் குறைந்தது 30 நிமிடங்களுக்கு முன் 1 கிராமும், உணவுக்குச் சற்றுப் பின் 1 கிராமும் உட்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. நச்சு நீக்கம் அதில் இடம்பெறவில்லை.

“மெடிசினிஷே கோலே” எனும் பெயரில் மருந்தகங்களில் கிடைப்பது வேறு வகையைச் சேர்ந்தது. அது வயிற்றோட்டத்துக்கும் நஞ்சேற்றத்துக்கும் உரிய மருந்தாகும்.

கவனிக்க வேண்டியவை

கரி நஞ்சையும் மருந்தையும் பிரித்தறியாது. கருத்தடைக் குளிசை, இதய நோய்க்கான மருந்து, வலிப்புக்கான மருந்து முதலியன கரியில் ஒட்டிக்கொண்டால், உட்கொண்ட மருந்து உடலைச் சென்றடையாமற் போகலாம். நாள்தோறும் மருந்து எடுப்பவர் கரியைப் பயன்படுத்த விரும்பின், முன்னதாகத் தமது வைத்தியரிடமோ மருந்தகத்திலோ ஆலோசனை பெறுதல் வேண்டும். மலச்சிக்கலும் கரியினால் ஏற்படலாம். மலம் கருமையாவது இயல்பு.

நஞ்சு உட்கொள்ளப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தால், வீட்டிலுள்ள கரியைத் தாமாகவே கொடுத்தல் கூடாது. பொன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையின் நஞ்சுத் தகவல் நிலையத்தை 0228 19240 எனும் இலக்கத்தில் உடனடியாக அழைக்கவும். மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் காணப்படின் 112ஐ அழைக்கவும். உட்கொண்ட பொருளின் பெயர், அளவு, நேரம், பாதிக்கப்பட்டவரின் வயது, எடை ஆகியவற்றைத் தெரிவிப்பதுடன், பொருளின் பொதியையும் அருகில் வைத்திருக்கவும்.