உண்ட சோறு வலிமையாவது எப்படி?

சோறு நம் மக்களின் முதன்மையான உணவு. அதில் மிகுந்திருப்பது மாவுச்சத்து. இட்டிலி, சப்பாத்தி, ரொட்டி, மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றிலும் இச்சத்தே மிகுதி. ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கலோரி ஆற்றலைத் தரவல்லது. பால்மரம் வெட்டுவோருக்கும், செம்பனைக் குலை அறுப்போருக்கும், பள்ளித் திடலில் ஓடியாடும் மாணவர்க்கும் இவ்வாற்றல் இன்றியமையாதது. ஆனால், உண்ட சோறு அப்படியே வலிமையாகிவிடுவதில்லை. அது எவ்வாறு மாறுகிறது என்பதைக் காண்போம்.

மாவுச்சத்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரைக் கண்ணிகள் பல கோத்த சங்கிலி போன்றது. அச்சங்கிலி அறுபட்டாலன்றி இரத்தத்தில் கலவாது. அதனை அறுக்கும் வேலை வாயிலேயே தொடங்குகிறது. மாணவர்களே! ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிப்புத் தோன்றும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதே இதற்குக் காரணம்.

இரைப்பையின் அமிலத்தில் இந்நொதி செயலற்றுப் போகும். சிறுகுடலில் கணையநீர் அவ்வேலையை மீண்டும் தொடங்குகிறது. எஞ்சிய துண்டுகளைக் குடற்சுவரின் நொதிகள் குளுக்கோசாக மாற்றுகின்றன. அது இரத்தத்திற் கலந்து முதலில் கல்லீரலை அடைகிறது. தேவைக்கு மிஞ்சியதில் ஒரு பகுதி, கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. கணையம் சுரக்கும் இன்சுலின், தசைகளுக்குள் குளுக்கோஸ் செல்லத் துணைபுரிகிறது. அங்கே அது உயிர்வளியின் துணையால் எரிந்து ஆற்றலாகிறது.

அடுப்பில் விறகு மட்டும் இருந்தாற் போதுமா? மூட்டுவதற்குத் தீக்குச்சியும் வேண்டுமன்றோ? குளுக்கோஸ் முழுமையாக எரிவதற்கு அத்தகைய துணையாக நிற்பது உயிர்ச்சத்து பி1. இதனை உடல் மிகுதியாகச் சேமித்து வைப்பதில்லை. சில வாரங்கள் கிடைக்காவிடில் நரம்புகளும் இதயமும் தளர்ச்சியுறும். கால்கள் மரத்துப்போகும், வீக்கம் காணும், உயிரே பிரிதலும் உண்டு. இந்நோய்க்குப் பெரிபெரி என்று பெயர்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் இந்நோய் எண்ணற்ற தொழிலாளரின் உயிரைக் குடித்தது. ஆயினும், ஒரு வியப்பு! தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே மிகுந்திருந்த இந்நோய், தமிழ்த் தொழிலாளரிடையே அரிதாகவே காணப்பட்டது. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இந்த வேற்றுமையை டாக்டர் பிராடன் என்பார் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். ஆனால், வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு தோன்றுவதாகவே அவர் கருதினார்.

உண்மையை அறிய முனைந்தோர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டான்டனும் ஆவர். நெகிரி செம்பிலான் காட்டுப் பகுதியில் சாலை அமைத்துக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும், மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளிக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசி உண்டோரிடம் பெரிபெரி தோன்றியது. புழுங்கலரிசி உண்டோர் நலமாயிருந்தனர். அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. இம்முடிவு 1909ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நஞ்சு எதுவும் இல்லை. தீட்டும்போது கழிக்கப்படும் தவிட்டுடன் நோய் தடுக்கும் பொருளும் போய்விடுகிறது என்பது தெளிவாயிற்று. 1926ஆம் ஆண்டில், இன்று ஜாகர்த்தா எனப்படும் பத்தாவியாவில், அப்பொருள் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே உயிர்ச்சத்து பி1. இவ்வறிவைப் பெறுவதற்காகத் துன்புற்ற அத்தொழிலாளருக்கும் உலகம் கடமைப்பட்டுள்ளது.

புழுங்கலரிசி காத்தது எவ்வாறு? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள பி1 நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி எஞ்சி நிற்கிறது. நோய்க்கு மருந்து தெரியாத காலத்திலேயே, தாய்மார்கள் ஆக்கிய சோறு நம் முன்னோரின் உயிரைக் காத்தது!

பினாங்குக் கடைத்தெருவில் இன்றும் புழுங்கலரிசி கிடைக்கிறது. அதிலும் மாவுச்சத்தே மிகுதி. ஆகவே, அளவோடு உண்ணுதல் வேண்டும். பி1 நீரிற் கரைவதால், அரிசியைப் பலமுறை கழுவுவதையும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதையும் தாய்மார்கள் தவிர்க்கலாம். பருப்பு, நிலக்கடலை, தவிடு நீக்காத கோதுமை மாவு ஆகியவற்றிலும் பி1 உண்டு. இனிப்புப் பானங்களில் சர்க்கரை இருக்கும். அதனை எரிக்கத் துணைபுரியும் உயிர்ச்சத்து பெரும்பாலும் இராது.

மாணவச் செல்வங்களே! சோற்றை நன்கு மென்று உண்ணுங்கள். பருப்பையும் காய்கறியையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்காதீர்கள். விறகும் தீக்குச்சியும் ஒருங்கே இருந்தால்தான் அடுப்பு எரியும்.