உங்களுக்குத் தெரியுமா?

‘தேவதாஸ்’ நாவலை எழுதிய சரத் சந்திரர், வங்கக் கிராமத்தில் பர்மா பாணியில் வீடு கட்டி வாழ்ந்தார்!

• இரண்டு மாடி, ஓட்டுக்கூரை. சரத் சந்திரர் இளமையில் பர்மாவின் ரங்கூனில் கணக்கு அலுவலக எழுத்தராக இருந்தவர். அந்த மண் கண்ணில் பதிந்த விதம் இந்த வீட்டில் அப்படியே தெரிகிறது.

• ஊர்: ரூப்நாராயண் ஆற்றங்கரையில் உள்ள சாம்தாபேட், ஹௌரா மாவட்டம். அவர் பயன்படுத்திய ஹூக்காவும் புத்தக அலமாரியும் இன்றும் வீட்டில் உள்ளன. ஹூக்காவைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

• 1953-இல் நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடித்த தமிழ்ப்படம் ‘தேவதாஸ்’ சரத் சந்திரருடைய கதைதான். நாவல் வெளியானது 1917-இல்.

• வீட்டைப் பார்க்கப் போக, சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தில் கரக்பூர் பக்கம் போகும் லோக்கல் ரயிலைப் பிடியுங்கள். தேவுல்டியில் இறங்க வேண்டும்.