1,220 துண்டும் 660 பேரும்

வாய்ப்புற்றுநோயை முதலில் சந்தேகிக்க அதிகம் தேவையில்லை. ஒரு டோர்ச், கன்னத்தை ஒதுக்கிப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி, எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்த கண், ஓரிரு நிமிடம். இந்தக் கண் வைத்தியருடையதாக இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு உலகுக்கே விடை சொன்ன இடங்களில் ஒன்று இலங்கையின் பேராதனை.

பேராதனைப் பல் வைத்திய பீடத்தில் அப்போது இருந்த சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் 34 ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஊழியர்கள் வழக்கமான வேலைக்கு நடுவே ஓராண்டில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். தலைக்கு 800க்கு மேல், வாரத்துக்குப் பதினாறு பேர். யாருடைய முதுகையும் ஒடிக்காத வேலைதான். முடிவுகள் 1984இல் உலக சுகாதார அமைப்பின் சஞ்சிகையில் வெளியாகின. சந்தேகத்தின் பேரில், வைத்தியரைப் பார்க்கச் சொல்லித் துண்டு கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் 1,220 பேர். அந்தத் துண்டோடு வந்து நின்றவர்கள் 660.

மீதி 560 பேர் வரவில்லை. என் கணக்கு இந்த 560இலிருந்துதான் தொடங்குகிறது.

1991இல் அச்சான அடுத்த ஆய்வில் 57,124 பேரைப் பார்த்து 3,559 பேருக்குத் துண்டு கொடுத்தார்கள், வந்தவர்கள் 2,193. கடலுக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில் 5,145 பேருக்குத் துண்டு, வந்தவர்கள் 3,218. மூன்றையும் கூட்டினால் 9,924 துண்டுகள், 3,853 பேர் வரவில்லை. நூற்றுக்கு 39. நாடும் பத்தாண்டும் மாறியும் வராதவர்கள் எங்கும் மூன்றில் ஒருவருக்குக் குறையவில்லை. அப்படியானால் இதை அலட்சியம் என்று எழுதி மூடிவிட முடியாது.

வந்தால் பலன் உண்டா? திருவனந்தபுரம் முடிவு 2005இல் லான்செட்டில் வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 வீதம் குறைந்திருந்தது. மூன்றாண்டுக்கு ஒரு தடவை என மூன்று சுற்றுப் பரிசோதனைக்கு ஆளுக்கு ஆன செலவு 6 டொலரை எட்டவில்லை. பழக்கமுள்ளவர்களை மட்டும் பார்த்தால், ஓர் உயிராண்டைக் காக்க 156 டொலர். எல்லோரையும் பார்த்தால் 835.

இனி நம் மலைப்பக்கத்துக் கணக்கு. மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் 12,716 பேரின் வாயைப் பரிசோதித்த ஆய்வு 2007இல் வெளியானது. பக்கத்துச் சப்ரகமுவவில் முப்பது வயது தாண்டிய 1,029 பேரைப் பார்த்ததில், புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் 11.3 வீதமானோரிடம் இருந்தன என்று 2010இல் தெரிந்தது. ஒன்பது பேருக்கு ஒருவர். காரணம் மடியில் முடிந்து வைத்திருப்பதுதான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இலேயே சொல்லிவிட்டது. தனிப் பாக்கே போதும் என்று 2004இல் சேர்த்தது. இலங்கை 2016 செப்டம்பரில் மெல்லும் புகையிலைப் பண்டங்களைத் தடைசெய்தது. பாக்கு இன்னும் பெட்டிக்கடையில் தொங்குகிறது.

வாயில் வெள்ளைப் படை வந்த ஆரம்பத்தில் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் வேலையை விடச் சொல்கிறது அந்தத் துண்டு. 2024இல் தோட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். வருகைப் பதிவில் பேர் விழாத நாளுக்கு அதுவும் இல்லை. அன்றைய நாணய மாற்றில் அந்தக் கூலி ஏறத்தாழ நாலரை டொலர். திருவனந்தபுரம் ஆய்வில் மூன்று சுற்றுக்கும் ஆளுக்கு ஆன செலவில் முக்கால் பங்கு. இரண்டும் வேறு காலத்துக் காசு, ஒப்பீட்டை அந்த அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கட்டுவது திட்டம், மற்றதைக் கட்டுவது கொழுந்து பறிக்கிறவர். கண்டி நகரத்தாருக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலை ஆறு கிலோமீற்றர். ஹற்றன் பக்கத்தாருக்கு அறுபதுக்கு மேல், மலை வளைவுகளில். முதல் நாள் பார்ப்பார்கள், சதைத் துணுக்கு வெட்டி எடுப்பார்கள், முடிவுக்கு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். துண்டு எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் செலவுப் பக்கத்தில்தான் எழுதுவேன்.

புற்று உறுதியானவர்களின் பக்கம் இதைவிடக் கனமானது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், நாட்கள் இலவசமில்லை. கழுத்துக்கும் வாய்க்கும் கதிர்ச் சிகிச்சை வழக்கமாக 30 முதல் 35 தடவை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். அதற்கு முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கிப் புண் ஆறக் காத்திருக்க வேண்டும். 2024 விலையில் 35 நாட்கூலி 47,250 ரூபாய். துணைக்கு வருகிறவரும் தோட்டத்தில் வேலை செய்பவரென்றால் 94,500. இதில் பஸ்காசு இல்லை. எச்சில் வற்றிய வாயில் சோறு இறங்காததால் தேவைப்படும் பால்மா இல்லை. தாடை இறுகிவிடாமல் இருக்க மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வாய்திறப்புப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க யாராவது வீட்டுக்கு வருவார்களா என்பதும் இல்லை. நோயாளிக்கு ஆதரவு என்று பேசும்போது ஆறுதல் வார்த்தையை முதலில் வைக்கிறோம். எனக்கு இந்த வரிகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

அதனால் ஒரு கூட்டல். அந்த 1,220 பேருக்கும் துண்டோடு சேர்த்து ஒரு நாட்கூலியும் கொடுத்திருந்தால், 2024 விலையில் 1,647,000 ரூபாய். வாயைக் காட்டிய 28 ஆயிரம் பேருக்கும் அதைப் பிரித்தால் தலைக்கு 59 ரூபாய்கூட விழாது.