காப்பீட்டுத் தவணை யார் கைக்கு எட்டுகிறது?

நோயாளியை உள்நோயாளியாகச் சேர்க்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, “காப்பீடு உண்டா?” என்பது. முதியவர் சிலர் சற்றுத் தயங்கி, “இருந்தது; சென்ற ஆண்டு புதுப்பிக்கவில்லை” என்கின்றனர். பல்லாண்டுகள் தவறாமல் பிரீமியம் செலுத்தி, மருத்துவமனை தேவைப்படும் வயதில் கைவிட்டவர்கள் இவர்கள். அலட்சியத்தால் அன்று, கட்டுப்படியாகாமல்.

சிகிச்சைச் செலவு உயர உயரக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தைத் திருத்துகின்றன. வயது ஏறுவதாலும் தொகை கூடுகிறது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதாயின் தன்னைக் கலந்தே உயர்த்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆயினும் 30,000 ரூபாய் ஆண்டுதோறும் 10 விழுக்காடு உயர்ந்தால் ஐந்தே ஆண்டுகளில் 48,000 ரூபாயைக் கடந்துவிடும். வங்கி வைப்புத்தொகையின் வட்டி அவ்வாறு வளர்வதில்லை. தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கான 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது ஓர் ஆறுதல்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கு, அவர்தம் நிறுவனம் அச்சட்டத்துக்கு உட்பட்டதாயின், இ.எஸ்.ஐ. உண்டு. சிறு தையற்கடை நடத்தி மாதம் 20,000 ரூபாய் ஈட்டுபவரை எண்ணிப் பாருங்கள். முன்னதற்கு அவர் வருமானம் மிகுதி; பின்னதற்கு அவருக்கு முதலாளி இல்லை. தனியார் பாலிசிக்கோ ஒரு மாத வருமானத்துக்கு மேலும் தேவைப்படலாம். இத்தகைய பாதுகாப்பு ஏதுமற்றோர் நாட்டு மக்களில் குறைந்தது 30 விழுக்காட்டினர், ஏறத்தாழ 40 கோடிப் பேர், என்று நிதி ஆயோக் 2021-இல் மதிப்பிட்டது. 70 வயது நிரம்பியோர்க்கு வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய் வரை காக்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கியது. பணி ஓய்வோடு அலுவலகக் காப்பீட்டையும் இழந்த அறுபது வயதினர் அதற்காகப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்!

பாலிசியைக் கைவிட எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக்காலம் உண்டு. அதுவும் கடந்து புதிய பாலிசி எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டுகள் வரை காத்திருக்க நேரும். நீரிழிவோ இதய நோயோ உள்ளவர்க்கு இது பேரிழப்பு. காப்புத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். முதற்செலவில் ஒரு பகுதியைத் தாமே ஏற்கும் வகையைத் தேர்ந்தும் பிரீமியத்தைத் தணிக்கலாம். காத்திருந்த காலத்தை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழியுண்டு. அதற்குப் புதுப்பிக்கும் நாளுக்கு ஒன்றரை மாதம் முன்னரேனும் விண்ணப்பித்தல் நலம்.

புதுப்பித்தல் அறிவிப்பு வந்தவுடன் பாலிசி ஆவணத்தையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு நம் காப்பீட்டு உதவிப் பிரிவுக்கு வாருங்கள். எந்த அரசுத் திட்டத்துக்கேனும் நீங்கள் உரியவரா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம்.