பனி விலகிய பின்னும் எழும் கரை

ஸ்வீடனின் வடகிழக்கில், போத்னியா வளைகுடாவை ஒட்டியிருக்கிறது ஹோகா குஸ்தென் என்னும் உயர்கரைப் பகுதி. இந்தக் கரை ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வீதம் மேலெழுந்துகொண்டிருக்கிறது. இங்கிருந்த பனிப்பாளம் உருகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுச்சி நிற்கவில்லை. ஒரு காலத்தில் அலை மோதிய கோடு இன்றைய கடல்மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. யுனெஸ்கோ இதை 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 2006இல் எதிர்க்கரையில் இருக்கும் பின்லாந்தின் க்வார்கன் தீவுக்கூட்டமும் இதோடு சேர்க்கப்பட்டது.

அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்க ஸ்கூலேபெரியெட் குன்றே போதும். குன்றின் உச்சி 295 மீட்டர். பனி விலகிய புதிதில் அதில் ஒன்பது மீட்டர் மட்டுமே நீருக்கு மேலே ஒரு சிறு தீவாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது மீட்டரில், பனிப்பாளம் அரைத்துப் போட்ட களிமண்ணும் மணலும் கல்லும் கலந்த மண் இன்றும் கலையாமல் இருக்கிறது. அதில் ஸ்புரூஸ் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. கோட்டுக்குக் கீழே அப்படியில்லை. நிலம் எழ எழ, சரிவின் ஒவ்வொரு அடியும் சில காலம் கரையாக இருந்து அலையடி பட்டிருக்கிறது. அலை மண்ணை அரித்துக்கொண்டு போய்விட, மிஞ்சியது மொட்டைப் பாறை. தலையில் காடும் கீழே வெறும் பாறையுமாக நிற்கும் இத்தகைய குன்றுகள் இந்தக் கரையில் பல உண்டு. அலை உருட்டி வழவழப்பாக்கிய கற்கள் பரப்பிய பழைய கடற்கரைகளும் இன்று காட்டுக்கு நடுவே கிடக்கின்றன.

286 என்ற எண்ணைச் சுற்றுலாக் கையேடுகள் பெரிய எழுத்தில் அச்சிடுவது வழக்கம். அந்த எண் சரியானதுதான். ஆனால் நிலம் மொத்தம் அவ்வளவுதான் எழுந்தது என்று படித்தால் தவறு. பனி முழுதாக விலகுவதற்கு முன்பே, அது மெலியத் தொடங்கியபோதே எழுச்சியும் தொடங்கிவிட்டது. அந்தப் பகுதிக்குக் கரைக்கோடு என்ற சாட்சி இல்லை. தலைக்கு மேலே பனி இருக்கும்போது அலை ஏது? பனி விலகிய பிறகு உலகக் கடல்களின் மட்டமும் ஏறியிருக்கிறது. ஆகவே 286 மீட்டர் என்பது நிலம் எழுந்ததிலிருந்து நீர் எழுந்ததைக் கழித்த மிச்சம் மட்டுமே. இன்னொன்று: ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன் இங்கே பனி விலகியபோது பால்டிக் படுகையில் இருந்தது உப்புக் கடலே அல்ல. கடலோடு தொடர்பு அறுந்த நன்னீர்ப் பரப்பு அது. அதில் வாழ்ந்த ஒரு சிறு நத்தையின் பெயரால் அதை ஆன்சைலஸ் ஏரி என்கிறார்கள். உயர்கரையின் மிக உயர்ந்த கரைக்கோடு உண்மையில் ஓர் ஏரிக்கரை.

எடையைக் கணக்குப் போட்டால் எழுச்சியின் அளவு புரியும். பனியூழியின் உச்சத்தில் இந்தப் பகுதியின் மேல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி இருந்தது. புவி மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசப் பாறையின் அடர்த்தி பனியைப் போல மூன்றரை மடங்குக்குச் சற்று மேல். 3000 மீட்டர் பனியைத் தாங்க வேண்டுமானால் அதே எடையுள்ள கவசப் பாறை விலகி இடம் விட வேண்டும். 3000ஐ அந்த விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது 800 மீட்டரைத் தாண்டும். நிலம் அவ்வளவு ஆழத்துக்கு அமுங்கியது. பனி போனதும் அவ்வளவும் மீள வேண்டும். மீட்சி ஏன் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக இழுக்கிறது என்பதுதான் சுவையான கேள்வி.

அதிரசத்துக்குக் காய்ச்சிய வெல்லப்பாகு அண்டாவில் ஆறிக்கொண்டிருக்கிறது, மேலே மெல்லிய ஆடை படிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் இயக்கம் முழுவதும் பிடிபடும். ஆடைதான் பாறைக்கோளம், அதாவது புவியின் விறைப்பான மேல்பகுதி; பாகுதான் கவசம். கரண்டியின் முதுகால் ஆடையை அழுத்தினால் அடியிலுள்ள பாகு பக்கவாட்டில் விலகும். பள்ளத்தைச் சுற்றி ஒரு தாழ்ந்த வரப்பு எழும். கரண்டியை எடுத்தால் வரப்பு வடியும், பள்ளம் நிரம்பும். இளம்பாகானால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கம்பிப்பதமானால் மெதுவாக நடக்கும். பதம் முற்றிவிட்டால் காத்திருந்து பார்க்க வேண்டும். ஆக, பள்ளம் நிரம்பும் வேகத்தைப் பார்த்தே பாகின் பதத்தைச் சொல்லிவிடலாம். வரப்பும் கற்பனையல்ல. ஸ்காண்டிநேவியப் பனிக்கு வெளியே, நெதர்லாந்துப் பக்கம், அன்று சற்றே புடைத்த நிலம் இன்று மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. வடக்கில் கரை எழுவதும் தெற்கே தாழ்நிலம் அமிழ்வதும் ஒரே பாகின் ஓட்டம்.

இந்த உவமையை இன்னும் ஒரு படி நீட்டலாம். பாகு அகலத் தட்டில் மெல்லிய படலமாக இருந்தால் அகன்ற பள்ளம் நிரம்ப வெகுநேரமாகும். ஓரத்திலிருந்து நடுவுக்குப் பாகு நெடுந்தூரம் ஊர்ந்து வர வேண்டுமே. ஆழமான அண்டாவில் நடப்பது நேர்மாறு. அங்கே அகன்ற பள்ளம் சீக்கிரம் நிரம்பும், குறுகியது மெதுவாக நிரம்பும். பள்ளம் அகலமாக ஆக, பாகின் ஆழமான பகுதியும் ஓட்டத்தில் சேர்ந்துகொள்வதே காரணம். ஸ்காண்டிநேவியாவின் எழுச்சி அண்டாக் கணக்கோடு பொருந்துகிறது. கவசம் மேலே ஒரு மெல்லிய படலமாக மட்டும் ஓடவில்லை, பல நூறு கிலோமீட்டர் ஆழம் வரை அசைந்திருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. எந்தத் துளையிடும் கருவியும் எட்டாத ஆழத்தின் குணத்தை ஒரு கடற்கரை சொல்லிக்கொடுக்கிறது. புவி இயற்பியலில் இதைவிட அழகான அளவீடு அரிது.

உவமை ஓரிடத்தில் முறியவும் செய்கிறது. பாகு திரவம்; கவசமோ திடப்பாறை. பாடநூல் படங்களில் அது ஆரஞ்சு நிறக் குழம்பாக வரையப்படுவதால் உருகிய பாறை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்தில் செல்லாது. கவசத்தைத் தடையின்றிக் கடக்கின்றன. அப்படியானால் திடப்பாறை எப்படி ஓடுகிறது? ஆலிவின் போன்ற கனிமங்களின் படிக அடுக்கில் ஆங்காங்கே அணு இல்லாத வெற்றிடங்கள் உண்டு. வெப்பம் மிகுந்த ஆழத்தில் பக்கத்து அணு அந்த வெற்றிடத்துக்குத் தாவும். அது விட்டுவந்த இடத்துக்கு அடுத்த அணு தாவும். மேலிருந்து அழுத்தம் ஒரு பக்கமாக இருக்கும்போது தாவல்களும் அந்தத் திசைக்கே சாய்கின்றன. ஒவ்வொன்றும் அணு அளவு நகர்வுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அவை சேர்ந்து பாறையை ஊரவைக்கின்றன. நொடிக்கணக்கில் வரும் அதிர்வுக்கு இரும்பாக நிற்கும் அதே பாறை, ஆயிரமாண்டுச் சுமைக்கு வழிவிடுகிறது.

அமெரிக்கப் புவி இயற்பியலர் நார்மன் ஹாஸ்கெல் 1935இல் ஸ்காண்டிநேவிய எழுச்சியை வைத்துக் கவசத்தின் பாகுநிலையைக் கணக்கிட்டார். கிடைத்தது ஏறத்தாழ 1க்குப் பின் 21 பூஜ்யங்கள் போட்ட பாஸ்கல்-நொடி. தண்ணீரின் பாகுநிலையைவிட இது 1க்குப் பின் 24 பூஜ்யங்கள் மடங்கு அதிகம். எத்தனையோ திருத்தங்களுக்குப் பின்னும் அந்த மதிப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அதை வைத்து, ஸ்காண்டிநேவியா அளவு அகன்ற பள்ளம் நிரம்பும் வேகத்தைக் கணக்கிட்டால், எழும் வேகம் சுமார் 3000 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. பனி விலகிய புதிதில் உயர்கரை இன்றைய வேகத்தைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கில், நூற்றாண்டுக்குப் பத்து மீட்டர் கணக்கில் எழுந்தது. 10,500 ஆண்டுகள் என்றால் மூன்றரை முறை பாதியாகிவிட்டது. நூற்றாண்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கு முடிகிறது. அளவுகோலும் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் என்று அதையே காட்டுகிறது.

இந்த வேகத்தை நிலத்தில் தேதியிட உதவியது இப்பகுதியில் ஓடும் ஓங்கர்மான் ஆற்றின் வண்டல். கோடையில் வெளிர்நிற நுண்மணலும் குளிரில் கருநிற நுண்களிமண்ணுமாக ஆண்டுக்கு ஓர் இணை அடுக்கு படியும். நிலம் எழுந்ததால் ஆற்றின் பழைய முகத்துவாரங்கள் மேடேறி, அடுக்குகள் கரைச்சரிவில் வெளிப்பட்டு நிற்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவியலாளர் ராக்னர் லிடேன் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். எந்த ஆண்டில் கரை எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அந்த எண்ணிக்கை அசையாத ஆதாரமானது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெப்பமானிக்காகப் பெயர் பெற்ற ஆண்டர்ஸ் செல்சியஸ் 1731இல் யேவ்லே நகருக்கு அப்பால் லோவ்குருண்ட் தீவில் ஒரு பாறையில் நீர்மட்டத்தைச் செதுக்கி வைத்தார். கடல்நாய்கள் ஏறிப் படுக்கும் தாழ்ந்த பாறைகளுக்கு அந்நாளில் உடைமைப் பத்திரங்கள் இருந்தன. பாறை நீரைவிட்டு உயர்ந்து கடல்நாய் ஏற முடியாமல் போனதும் அதன் மதிப்பு விழுந்தது; அந்தப் பழைய பத்திரங்களும் அவருக்குச் சான்றாயின. ஆனால் நீர்தான் வற்றுகிறது என்று அவர் நம்பினார். எழுவது நிலமே என்பதை 1834இல் நேரில் வந்து பார்த்த நிலவியலாளர் சார்லஸ் லயல் ஏற்றுக்கொண்டார். காரணம் பனியின் எடை என்று 1865இல் தாமஸ் ஜேமிசன் சொன்னார்.

மனிதர்களுக்கு 8 மில்லிமீட்டர் சிறிதல்ல. அறுபது ஆண்டில் அது அரை மீட்டர். தாத்தா நீரோரத்தில் கட்டிய படகுக் கொட்டில் பேரன் காலத்தில் புல்லில் நிற்கும். வடக்கே லூலியோ நகரம் 1621இல் நகர உரிமை பெற்றது. 28 ஆண்டுகளுக்குள், 1649இல், துறைமுகத்தில் கப்பல் வர ஆழம் போதவில்லை என்று நகரத்தையே கடல் பக்கமாக மாற்ற வேண்டியதாயிற்று. பழைய இடம் கம்மல்ஸ்டாட் என்ற பெயரில் தொடர்ந்தது. அங்கே 15ஆம் நூற்றாண்டுக் கல் தேவாலயத்தைச் சுற்றி 424 மரவீடுகள் இருக்கின்றன. தொலைவிலிருந்து வழிபாட்டுக்கு வருகிறவர்கள் இரவு தங்குவதற்காகக் கட்டப்பட்டவை அவை. துறைமுகம் இருந்த வரை அது சந்தை நகரம். கடல் விலகியதால் நகரம் வேறிடத்தில் வளர்ந்தது. பழைய மரவீடுகள் இடிபடாமல் தப்பின. 1996இல் அதுவும் உலகப் பாரம்பரியக் களமானது. தெற்கே ஸ்டாக்ஹோம் அருகிலுள்ள மேலாரன் ஏரி, வைக்கிங் காலத்தில் கடலின் ஒரு கை. 1200ஐ ஒட்டி வாய் மேடாகி அது ஏரியானது.

இந்த மாற்றம் சிறிய அளவில் கரை நெடுக நடக்கிறது. ஆழமற்ற குடாவின் வாயில் மணல்திட்டு தலைகாட்டும், குடா உப்பங்கழியாகும், பிறகு உப்பு குறைந்து குளமாகி, கடைசியில் சதுப்பாகித் தூர்ந்துபோகும். புதிதாக வெளிப்பட்ட கல்தரையில் முதலில் வேரூன்றுபவற்றுள் ஆல்டர் மரம் முக்கியமானது. அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொடுப்பதால் சத்தில்லாத தரையிலும் அது பிழைக்கிறது. உதிரும் இலைகள் மண்ணை வளப்படுத்திய பிறகே ஸ்புரூஸ் வருகிறது. கடலோரத்திலிருந்து உள்ளே நடந்தால் இளைய மண்ணிலிருந்து மூத்த மண்ணுக்கு வரிசையாகப் போகலாம்.

எழுச்சி எல்லா இடத்திலும் ஒரே வேகமல்ல. போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் மிக அதிகம், தெற்கே போகப் போகக் குறைவு. இதனால் நாடே சாய்கிறது. நீண்ட வெட்டர்ன் ஏரியின் வடமுனை தென்முனையைவிட வேகமாக எழுவதால் தண்ணீர் தெற்கே யான்ஷோப்பிங் கரையில் மெல்ல ஏறிவருகிறது. தொடக்க நாட்களில் எழுச்சி இவ்வளவு அமைதியாகவும் இருக்கவில்லை. லாப்லாந்தில் பேர்வி என்ற நிலப்பிளவு 150 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. சில இடங்களில் அது பத்து மீட்டர் உயரப் படியாக நிற்கிறது. பனியின் சுமை நீங்கிய காலத்தில் பாறை பிளந்து ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தின் தடயம் அது.

இன்று 1993 முதல் இயங்கும் ஜி.பி.எஸ். நிலையங்கள் எழுச்சியை மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் அளக்கின்றன. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் செயற்கைக்கோள்கள், கவசப் பாறை திரும்பி வருவதால் இங்கே புவியீர்ப்பு ஆண்டுதோறும் மிகச் சிறிதளவு கூடுவதையே பதிவுசெய்தன. இந்த அளவீடுகளைக் காட்டி, கடல்மட்ட உயர்வு ஸ்வீடனைத் தொடாது என்று அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அவற்றை நம்பக் கூடாது. ஸ்டாக்ஹோமில் 1774 முதல் கடல்மட்டம் தொடர்ச்சியாகக் குறிக்கப்பட்டு வருகிறது. உலகின் மிக நீண்ட தொடர்களில் அது ஒன்று. அங்கே நிலம் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் எழுகிறது. உலகக் கடல்மட்டமோ இப்போது ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் ஏறுகிறது. முன்பு தெளிவாக விலகிக்கொண்டிருந்த நீர் இப்போது தயங்குகிறது. தென்கோடியில் ஸ்கோனே மாகாணத்தில் நிலம் ஏறக்குறைய எழுவதே இல்லை. ஏறும் கடல் முழுவதையும் அந்தக் கரை தாங்க வேண்டியிருக்கிறது, மணற்கரைகள் அரிக்கப்பட்டுவருகின்றன.

க்வார்கன் நீரிணை மேடாகி ஸ்வீடனும் பின்லாந்தும் இன்னும் 2000 முதல் 2500 ஆண்டுகளில் நிலத்தால் இணைந்துவிடும் என்ற கணிப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இன்றைய எழுச்சி வேகத்தை நேர்கோட்டில் நீட்டிக் கிடைத்த எண் அது. வேகம் குறைந்துகொண்டே வருவதை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. கடல் ஏறுவதையும் சேர்ப்பதில்லை. கவசத்தில் மிஞ்சியிருக்கும் எழுச்சி இன்னும் பல பத்து மீட்டர் என்பதால் இணைப்பு நடக்கக்கூடியதே. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் எவ்வளவு பனி உருகுகிறது என்பதைப் பொறுத்து அந்தத் தேதி பல நூற்றாண்டுகள் தள்ளிப்போகலாம்.