கைபேசிக்குக் கட்டுப்படும் பம்புசெட்டும் ரிலே பெட்டியும்

மணப்பாறை மாடுகளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலைகளுள் கவலை இறைப்பதும் ஒன்று. கவலை ஓட்டியவன் மேலேறி வரும் சாலில் நீர் நிறைந்திருக்கிறதா, அரைச் சால்தான் வருகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் தன் கண்ணால் பார்த்தான். கிணற்றில் நீர் குறைந்தால், வடத்தின் பாரம் குறைவதை அவனுக்கு முன்பே மாடுகள் அறிந்துகொண்டன. தூர் வாரவோ கல் எடுக்கவோ ஆள் இறங்கும் நாளில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிடுவார்கள். பிறகு அந்தக் கிணற்றில் எதுவும் தானாக அசைவதற்கில்லை.

பைக்காரா மின்நிலையம் 1932லும் மேட்டூர் மின்நிலையம் 1937லும் இயங்கத் தொடங்கிய பின்னர், மின்சாரம் சிறிது சிறிதாக நாட்டுப்புறக் கிணறுகளை வந்தடைந்தது. இன்று தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் இருபது லட்சத்திற்கும் மேற்பட்டவை. மும்முனை மின்சாரம் பல ஆண்டுகள் பகலில் சில மணி, இரவில் சில மணி என்றே கிடைத்து வந்ததால், நடு இரவில் கைவிளக்கும் தடியுமாக வரப்பில் நடந்து சென்று மோட்டாரைப் போட்டு வந்த அனுபவம் நம் அங்கத்தினர்களில் அநேகருக்கு உண்டு. பாம்புக் கடிக்கு ஆளானவர்களும் உண்டு. ஆகவே, வீட்டிலிருந்தபடியே கைபேசியால் மோட்டாரை இயக்கும் கருவி வந்தபோது அது விரைவில் பரவியதில் வியப்பில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை அதனை மானியத்தில் வழங்கியிருக்கிறது. சங்கங்களும் கடன் கொடுத்திருக்கின்றன. இவ்வசதியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதனைப் பெட்டிக்குள் இணைக்கும் முறையில் நேரும் ஒரு பிழையைப் பற்றியே இங்கு எழுத நேர்ந்தது.

நம் சரகத்தில் ஓர் அங்கத்தினர் கடன் பெற்று இக்கருவியை அமைத்திருந்தார். ரசீது இருந்தது; பெட்டி சுவரில் இருந்தது; நாமும் பார்வையிட்டு, கடன் உரிய காரியத்திற்கே செலவாயிற்று என்று குறிப்பெழுதினோம். பெட்டியின் கதவைத் திறந்து பார்க்கவில்லை. சில வாரங்கள் சென்றபின் ஒரு நாள் அவர் சந்தைக்குப் போயிருந்தார். அவருடைய தம்பி கிணற்றின் உட்சுவரில் இருந்த திட்டில் இறங்கி, இறுகிப்போன பம்பின் கப்ளிங்கைக் கையால் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் வந்துவிட்டது என்ற செய்தி அண்ணன் கைபேசிக்கு வந்தது. அவர் வழக்கம்போல் மோட்டாரை இயக்கினார். அலறல் கேட்டு ஓடிவந்த அண்ணியார் பெட்டியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார், மோட்டார் நிற்கவில்லை. அடுத்த வயல்காரர் வந்து மெயின் சுவிட்சை இழுத்த பிறகே நின்றது. தம்பிக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

சிவப்புப் பொத்தானை அழுத்தியும் மோட்டார் ஏன் நிற்கவில்லை? இதனை விளக்க வேண்டுமானால் ரிலே என்பது யாது என்று முதலில் கூற வேண்டும்.

நெசவாளர் அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்தில் ஜக்கார்டு அமைத்த பெட்டியில், அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உட்புகுகிறது. அதற்குரிய கொக்கி நேராக நின்று, மேலெழும் கத்தியில் மாட்டிக்கொள்கிறது. பாவு இழை உயர்கிறது. இழையைத் தூக்குவது அட்டையன்று. நெசவாளரின் கால் மிதி. எதைத் தூக்குவது, எதை விடுவது என்று தீர்மானிப்பது மட்டுமே அட்டையின் வேலை. ரிலேயும் இவ்வாறே. ஒரு சிறு கம்பிச் சுருளில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது. அத்தகடு வேறொரு பெரிய மின்சுற்றின் முனைகளைச் சேர்க்கிறது அல்லது பிரிக்கிறது. 1830களில் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி செய்து காட்டிய இந்தத் தத்துவமே பின்னர்த் தந்தியைத் தொலைதூரம் கொண்டுசென்றது. இன்று கைபேசிக் கருவியின் சிறு ரிலே, ஸ்டார்ட்டரில் உள்ள கன்டாக்டர் என்னும் பெரிய ரிலேயை இயக்குகிறது. கன்டாக்டர் மோட்டாரை இயக்குகிறது.

ஸ்டார்ட்டருக்குள் கன்டாக்டரின் காயிலுக்குச் செல்லும் கட்டுப்பாட்டுக் கம்பியின் வழியைக் கவனிப்போம். ஒரு பேசிலிருந்து புறப்பட்டு, தனிப் பீஸைக் கடந்து, ஓவர்லோடு ரிலேயின் 95, 96 என்று எண்ணிட்ட முனைகள் வழியாகச் சிவப்புப் பொத்தானை அடைகிறது. அப்பொத்தான் எப்பொழுதும் மூடியிருப்பது. அழுத்தினால் மட்டும் திறப்பது. அதற்கடுத்துப் பச்சைப் பொத்தான். அஃது எப்பொழுதும் திறந்திருப்பது. பச்சையை அழுத்தியவுடன் காயில் உயிர்பெற்றுக் கன்டாக்டரை இழுக்கிறது. கன்டாக்டர் மூடும்போதே அதன் பக்கத்திலுள்ள 13, 14 என்ற துணை முனைகளும் மூடிப் பச்சைப் பொத்தானுக்கு இணையான வழியொன்றைத் தருகின்றன. எனவே பொத்தானிலிருந்து விரலை எடுத்த பின்னரும் மோட்டார் ஓடுகிறது. மின்சாரம் நின்றால் கன்டாக்டர் விடுபடும். திரும்ப வந்தாலும் எவரேனும் பச்சையை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. இந்தக் குணம் தற்செயலானதன்று. ஸ்டார்ட்டரை வகுத்தவர்கள் மனிதனுடைய உயிரை எண்ணிச் செய்து வைத்த ஏற்பாடு.

நாம் கூறிய பெட்டியில், கருவியை மாட்டியவர் அதன் ரிலே முனைகளில் ஒன்றைப் பேசிலும் மற்றொன்றை நேராகக் காயிலிலும் முறுக்கிவிட்டிருந்தார். இரண்டே கம்பி, ஐந்து நிமிட வேலை. சிவப்புப் பொத்தானும் ஓவர்லோடு ரிலேயும் வழியிலேயே இல்லாமற்போயின. கருவி விடும்வரை காயிலுக்கு மின்சாரம் சென்றுகொண்டே இருந்தது. மோட்டாருக்கு அதிகச் சுமை ஏறியிருந்தாலும் அது நின்றிருக்காது.

சரியான இணைப்பு கடினமன்று. கருவியில் இரண்டு ரிலேகள் இருக்க வேண்டும். இயக்கும் ரிலேயின் திறந்த முனைகளைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாக, சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால் சேர்க்க வேண்டும். அந்த ரிலே ஓரிரு நொடிகள் மூடித் திறந்தால் போதும். விரல் செய்யும் வேலைக்கு மேல் அது செய்யலாகாது. நிறுத்தும் ரிலேயின் மூடிய முனைகளைச் சிவப்புப் பொத்தானோடு வரிசையில் சேர்க்க வேண்டும். கருவி பழுதுற்று உயிரற்றுக் கிடந்தாலும் இம்முனைகள் மூடியே இருப்பதால், பச்சைப் பொத்தானால் மோட்டாரை இயக்கத் தடையிராது.

இங்கு ஓர் அபாயத்தைச் சொல்லியாக வேண்டும். விவசாயக் கிணற்று ஸ்டார்ட்டர்களில் காயில் பெரும்பாலும் இரண்டு பேசுகளுக்கிடையே, 415 வோல்ட்டில் இயங்குகிறது. கருவியிலுள்ள சிறு ரிலேயின் முதுகில் 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அதனை 415 வோல்ட்டில் மாட்டினால் முனைகள் பொறிபட்டு நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். பின்னர்க் கைபேசியில் எத்தனை முறை நிறுத்தினாலும் நிற்காது. ஆகையால் சிறு ரிலேக்கும் காயிலுக்கும் இடையே 415 வோல்ட்டுக்கு உரிய துணைக் கன்டாக்டர் ஒன்றை வைக்க வேண்டும். அல்லது சிறு டிரான்ஸ்பார்மரால் கட்டுப்பாட்டுச் சுற்று முழுவதையும் குறைந்த வோல்ட்டிற்குக் கொணர்ந்து, காயிலையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். கூடுதல் செலவுதான். கடன் விண்ணப்பத்தின் மதிப்பீட்டிலேயே இதைச் சேர்த்துக் கேட்கலாம், நாம் மறுக்கமாட்டோம்.

அடுத்து, கிணற்றடியில் நிற்பவருக்கு உரிய அதிகாரம். பெட்டியின் முகப்பில் ‘கை — நிறுத்தம் — தொலைவு’ என்று மூன்று நிலைகளுள்ள திருகு சுவிட்சு ஒன்று அவசியம் இருக்க வேண்டும். கையில் வைத்தால் பச்சைப் பொத்தான் மட்டும் வேலை செய்யும். தொலைவில் வைத்தால் கைபேசி மட்டும் வேலை செய்யும். நடுவில் வைத்தால் துணை முனைகளின் வழி உட்படக் காயிலுக்குச் செல்லும் பாதை முழுவதும் அறுபட வேண்டும். மோட்டார் ஓடும்போதே சுவிட்சை நடுவிற்குத் திருப்பிப் பாருங்கள்; உடனே நிற்கவில்லையெனில் இணைப்பு தவறு. சிவப்புப் பொத்தானோ எந்நிலையிலும் நிறுத்த வல்லதாயிருக்க வேண்டும். ஆயினும் கிணற்றில் இறங்குபவர் இவற்றை மட்டும் நம்பலாகாது. கன்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டியிருந்தால் காயில் விட்டாலும் மோட்டார் ஓடும். மெயின் சுவிட்சைத் தணித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தம் மடியில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். பூட்டுப் போடும் வளையம் உள்ள மெயின் சுவிட்சே வாங்கத் தக்கது. வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லிவிட்டு இறங்குவது நல்லதுதான். ஆனால் சொன்னது மறந்துபோகும், பூட்டு மறக்காது.

கவலை ஓட்டியவன் கண்ணால் செய்த காவலை இப்போது வேறு சில ரிலேகள் செய்கின்றன. மூன்று பேசில் ஒன்று அறுந்தால் ஓடும் மோட்டார் நிற்பதில்லை. எஞ்சிய கம்பிகளில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு மின்சாரத்தை இழுத்து முனகிக்கொண்டே எரிகிறது. பேஸ் குறைந்தால் துண்டிக்கும் ரிலே இதனைத் தடுக்கிறது. கிணறு வற்றினால் பம்பு காற்றை இறைத்துச் சூடேறும். அப்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் குறைகிறது. இக்குறைவைக் கண்டு நிறுத்துவது வறட்டு ஓட்டத் தடை ரிலே. நீர் நன்றாக வரும்போது கிளாம்ப் மீட்டரால் அளந்து, அதற்குச் சற்றுக் கீழான அளவில் அதனை நிறுத்தி வைக்க வேண்டும். விற்பவர் வைத்துக் கொடுத்த அளவை அப்படியே விட்டுவிடுவதால் பயனில்லை. நம் பகுதிக் கிணறுகள் கோடையில் ஒரு மணி நேரத்தில் அடி தெரிந்துவிடுபவை. தொலைவியக்கி வைத்தோர்க்கு இந்த ரிலே இல்லாமல் தீராது.

நேரத் தாமத ரிலேயைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும்படி அமைத்துக்கொள்வோர் பலர். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் புறப்படும் கணத்திலோ அதைப்போல் ஐந்தாறு மடங்கு எடுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருபது மோட்டார்கள் ஒரே நொடியில் புறப்பட்டால் வோல்ட் தாழ்ந்து ஒன்றும் சரியாக எழும்பாது, பீஸும் போகும். ஒருவர் அரை நிமிடம், அடுத்தவர் ஒரு நிமிடம், மற்றவர் ஒன்றரை நிமிடம் என்று தாமதத்தைப் பகிர்ந்து வைத்துக்கொண்டால் இத்தொல்லை ஒழியும். தனித்தனியே எவ்வளவு பணம் செலவிட்டாலும் கிடைக்காத பலன் இது. சங்கக் கூட்டத்தில் டிரான்ஸ்பார்மர்வாரியாக உட்கார்ந்து பேசினால் அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் தானே ஓடும் ஏற்பாடு உள்ள கிணற்றில் மேற்சொன்ன பூட்டு இருமடங்கு அவசியம் என்பதை மறத்தலாகாது.

பெட்டி அமையும் இடம் நிழலாகவும், சாரல் படாததாகவும், மார்பளவு உயரத்திலும் இருக்கட்டும். கம்பிகளைப் பெட்டியின் அடிப்புறமாகவே நுழைத்து, ஓட்டைகளை ரப்பர் கழுத்தால் அடைக்க வேண்டும். எறும்பு கன்டாக்டர் முனைகளுக்கிடையே மண் வைக்கிறது. பல்லி இரண்டு பேசுகளுக்குக் குறுக்கே கிடந்து தானும் செத்துப் பெட்டியையும் எரிக்கிறது. கட்டுப்பாட்டுக் கம்பி ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியாக, நுனியில் லக் இட்டு, இரு முனைகளிலும் ஒரே எண் பொறித்ததாக இருத்தல் வேண்டும். மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் விதிப்படி வேண்டும். பெட்டிக்கும் எர்த் வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இவ்வேலை நடைபெற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மீட்டர் வரையிலுள்ள பகுதி மின்வாரியத்தைச் சேர்ந்தது; அதில் எவரும் கைவைக்கலாகாது.

இணைத்து முடிந்ததும் உடனே மோட்டாரை ஓட்டிவிடக் கூடாது. மோட்டாருக்குச் செல்லும் மூன்று கம்பிகளையும் கழற்றி வைத்துவிட்டுக் கன்டாக்டரை மட்டும் சோதிக்க வேண்டும். கைபேசியில் இயக்கினால் ‘டக்’ என்று இழுக்கிறதா? சிவப்பை அழுத்தினால் விடுகிறதா? ஓவர்லோடு ரிலேயின் சோதனைப் பொத்தானுக்கு விடுகிறதா? மெயின் சுவிட்சைத் தணித்து மீண்டும் போட்டால் சும்மா இருக்கிறதா? இவை நான்கும் சரியானால் மோட்டாரை இணைத்துச் சுழலும் திசையையும் மூன்று கம்பிகளின் ஆம்பியரையும் பார்க்கலாம். இச்சோதனை கால் மணி நேர வேலை. விரல் இழந்த அன்பரின் வீட்டில் இதனை எவரும் செய்யவில்லை. செய்தார்களா என்று நாமும் கேட்கவில்லை.

இப்போது நம் சரகத்தில், தொலைவியக்கிக்குக் கடன் கொடுத்த ஒவ்வொரு கிணற்றிலும் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்த பின்னரே குறிப்பெழுதுகிறோம். இணைப்பு வரைபடம் கதவின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டும். எந்தெந்தக் கைபேசி எண்களுக்குக் கருவி கட்டுப்படும் என்பதும், சிம் கார்டின் தவணை முடியும் நாளும் அதிலேயே எழுதியிருக்க வேண்டும். தவணை முடிந்துபோன சிம்மினால் மோட்டாரை நிறுத்த முடியாமல் இரவு முழுவதும் வாய்க்கால் உடைந்து ஓடிய வயல் ஒன்றையும் பார்த்திருக்கிறோம். நெசவாளர் சங்கங்களின் சாயச் சாலைகளில் மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாருக்கும் இவை அனைத்தும் பொருந்தும். அங்கே தரை எப்போதும் ஈரமாயிருப்பதால், முப்பது மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காவல் சுவிட்சும் சேர்ந்திருக்க வேண்டும்.

விபத்து நேர்ந்த கிணற்றின் பெட்டியை அண்ணனே மாற்றி அமைத்துக்கொண்டார். திருகு சுவிட்சு வைத்திருக்கிறார். மெயின் சுவிட்சின் பூட்டுக்குச் சாவி ஒன்றுதான். அது தம்பியின் அரைஞாணில் இருக்கிறது.