கொதித்தும் வேகாத பட்டாணி

லெசோத்தோ, நாற்புறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த மலைநாடு. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்குத் தாழ்ந்த நிலமே அங்கு இல்லை. 192 மீட்டர் உயர மலெட்சுன்யானே அருவியைக் காணச் செல்வோர் தங்கும் செமொன்காங், 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள சிற்றூர். அவ்வூர் விடுதியில் அடுப்பிலேற்றிய பட்டாணி, நெடுநேரம் கொதித்தும் எளிதில் வேகாது. ஏன்?

உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆகவே அங்கு நீர் சுமார் 93 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் நீர் ஆவியாகுமேயன்றி வெப்பநிலை உயராது.

மரங்கள் அரிதான அம்மலைகளில் பல வீடுகளின் எரிபொருள் புதர்க்குச்சியும் சாண வறட்டியுமே. வறட்டி எரிந்தால் வயலுக்கு எரு குறையும். பிரஷர் குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால், நீர் 100 டிகிரியையும் தாண்டிச் சூடேறும். பட்டாணியும் விரைவில் வேகும், எருவும் மிச்சமாகும்.